உயிர் சிவப்பு, மெய் நீலம்

சிவகாசியில் நான் வேலை பார்த்த பிரஸ்ஸில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆர்ட்டிஸ்ட் என்றுதான். "ஆர்ட்டிஸ்டைக் கூப்பிடு, பார்ட்டி வந்திருக்கு." "ஆர்ட்டிஸ்ட் டீ குடிக்கப் போயிருக்காரு." ஊதுபத்தி டப்பா, பல்பொடி டப்பா, அப்பளப் பெட்டி, மத்தாப்புப் பெட்டி என்று பதினெட்டு வருஷம் வரைந்து தள்ளினேன். முதல் ஆறு வருஷம் பிரஷ்ஷும் போஸ்டர் கலரும், அப்புறம் கம்ப்யூட்டர். ஆர்ட்டிஸ்ட் என்ற சொல்லுக்கு வெளியுலகத்தில் வேறு மரியாதை உண்டு என்பது தெரியாமல் இல்லை. அதைப் பற்றி யோசிக்க நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன் நியூஜெர்சியில் எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை அக்கா பையன், "மாமா, நீங்க ஆர்ட்டிஸ்ட்தானே, வாங்க ஒரு இடம் காட்டுறேன்" என்று ரயிலேற்றி நியூயார்க் கூட்டிப்போனான். மான்ஹாட்டன் 53ஆம் தெருவில் இருக்கிற நவீன கலை அருங்காட்சியகம். மோமா என்கிறார்கள். வான்கோ படத்துக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே உள்ளே போனேன். ஓர் அறையில் சரக்குப் பெட்டி ஒன்று இருந்தது.

பிரில்லோ. அமெரிக்காவில் பாத்திரம் தேய்க்க விற்கிற, சோப்பு ஏற்றிய கம்பிச் சுருள். அம்மா காலத்தில் தேங்காய் நாரும் சாம்பலும் பார்த்த வேலையை அங்கே அது பார்த்தது. இது கடைக்காரர் கையில் சுருள் பாக்கெட் வந்து சேர்கிற வெளிப்பெட்டி. 24 பாக்கெட் உள்ளே இருக்கிறது என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறது. நீளமும் உயரமும் சுமார் 43 சென்டிமீட்டர், ஆழம் 36.

தொழில் புத்தி விடுமா? நேரே குனிந்து மடிப்பைப் பார்த்தேன். மடிப்பு இல்லை. அட்டைப்பெட்டி என்றால் மேலே இரண்டு காது வந்து நடுவில் முட்டுகிற கோடு ஒன்று இருக்கவேண்டும், அந்தக் கோடும் இல்லை. பக்கவாட்டில் ஸ்டிச்சிங் கம்பி இல்லை, பசை ஒட்டிய ஓரம் இல்லை. அட்டைக்குள் இருக்கிற அலைக்காகிதம் வெளிப்பரப்பில் லேசாக வரிவரியாகத் தெரியுமே, அதுவும் இல்லை. மூலை கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தபோது காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பிளைவுட். ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, வெள்ளை அடித்து, அதன்மேல் ஸ்கிரீன் பிரிண்டிங். நம் ஊரில் கல்யாணத்துக்கு மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் போடுவார்களே, அதே முறை. ஆளின் பெயர் ஆண்டி வார்ஹால், வருஷம் 1964 என்று சுவரில் சின்ன அட்டை சொன்னது.

அக்கா பையன் எதிர்பார்த்தது, நான் "இதெல்லாம் ஒரு கலையா" என்று கேட்பேன் என்று. அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. வந்தது வேறு கேள்வி: இந்த லேஅவுட் யார் போட்டது?

ஏனென்றால் லேஅவுட் அப்படி. மேலே ஒரு சிவப்பு அலை, கீழே ஒரு சிவப்பு அலை, இரண்டுக்கும் நடுவில் வெள்ளை ஆறு மாதிரி ஓடுகிறது. கழுவிவிட்ட தண்ணீர் போல. பெட்டிகளை வரிசையாக அடுக்கினால் அந்த ஆறு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஓடும். ஆற்றில் பிரில்லோ என்ற பெயர் மிதக்கிறது. அதில்தான் நான் நின்றுவிட்டேன். மெய்யெழுத்தெல்லாம் நீலம், உயிரெழுத்து இரண்டும் சிவப்பு. ப், ர், ல், ல் நீலம். இ, ஓ சிவப்பு. ஆங்கில எழுத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியாக நிற்பதால் இது முடிகிறது. தமிழில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும், இந்த வித்தையைக் காட்ட இடமில்லை. கணக்குப் பார்த்தால் மொத்தமே இரண்டு கலர் வேலை. வெள்ளை என்பது அட்டையின் நிறம், காசில்லாமல் கிடைக்கிற மூன்றாவது கலர். பார்ட்டி இரண்டு கலருக்குத்தான் காசு கொடுப்பேன் என்று சொல்லும்போது மூன்று கலர் காட்டத் தெரிந்தவன்தான் இதைச் செய்திருக்க முடியும்.

அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு போனில் தேடினேன். பெயர் கிடைத்தது. ஜேம்ஸ் ஹார்வி.

1929ல் கனடாவின் டொராண்டோவில் பிறந்தவர். பகலில் நியூயார்க்கில் ஸ்டூவர்ட் அண்ட் கன் என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் பெட்டி, பாக்கெட் போடுகிற வேலை. மீதி நேரத்தில் ஓவியர். அதுவும் சும்மா பொழுதுபோக்கு ஓவியர் கிடையாது. பெரிய பெரிய கேன்வாஸில், உருவம் எதுவும் இல்லாமல், கையின் வேகத்தையே ஓவியமாக இழுக்கிற அரூப வெளிப்பாட்டு ஓவியம். அந்தக் காலத்து நியூயார்க்கில் சீரியஸான ஓவியன் என்றால் அப்படித்தான் வரையவேண்டும். கிரஹாம் கேலரியில் கண்காட்சியும் நடத்தியிருக்கிறார். பிரில்லோ பெட்டிக்கு 1961ல் புது முகம் கொடுத்தது வயிற்றுப்பாட்டுக்காகப் பார்த்த வேலை.

1964 ஏப்ரலில் வார்ஹால் ஸ்டேபிள் கேலரியில் இந்த மரப்பெட்டிகளைக் குவித்தார். பிரில்லோ மட்டும் இல்லை. கெல்லாக்ஸ் கார்ன் ஃப்ளேக்ஸ், ஹெயின்ஸ் தக்காளி கெச்சப், டெல் மான்ட்டே பீச் பழம், கேம்பல் தக்காளி ஜூஸ், மாட்ஸ் ஆப்பிள் ஜூஸ் எல்லாம் இருந்தன. மளிகைக் கடை குடோன் போல அடுக்கி, நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். திறப்பு நாளில் வந்தவர்களில் ஹார்வியும் ஒருவர். உள்ளே நுழைகிறார். தான் போட்ட பெட்டி. ஒன்றல்ல, அடுக்கு அடுக்காக. அதன் படைப்பாளி என்று இன்னொருவர் நிற்கிறார்.

அந்த நிமிஷத்தை நான் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்திருக்குமா, சிரிப்பு வந்திருக்குமா? கிரஹாம் கேலரிக்குக் கோபம் வந்திருக்கிறது. இந்தப் பெட்டி எங்கள் ஓவியருடையது என்று பத்திரிகைகளுக்கு அறிக்கை விட்டார்கள். ஹார்வி வழக்குப் போடவில்லை. எப்படிப் போடுவார்? பெட்டி பிரில்லோ கம்பெனிக்குச் சொந்தம். இதுவும் எங்கள் தொழிலின் தர்மம்தான். வேலைக்குக் கூலி வாங்கிவிட்டால் பெட்டி பார்ட்டியுடையது. 1965ல் ஹார்வி புற்றுநோயில் போய்விட்டார். தன் ஓவியங்களில் எதை அவர் பெரிதாக நினைத்தாரோ அவற்றையெல்லாம் இன்று தேடிப்பிடித்துத்தான் பார்க்கவேண்டும். பகல் வேலையாகப் போட்ட ஒன்று, வேறொருவர் பெயரில், உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் உட்கார்ந்திருக்கிறது.

வார்ஹாலை வில்லனாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. அவரும் எங்கள் ஆள்தான். அதற்கு முன் பத்து வருஷத்துக்கு மேல் விளம்பரங்களுக்குச் செருப்புப் படம் வரைந்து பேர் வாங்கியவர். உதவியாளர் ஒருவரைக் கடைக்கு அனுப்பிப் பெட்டிகள் எடுத்துவரச் சொன்னாராம். அவர் ரசனையுள்ள ஆள் போல. பழம், பூ எல்லாம் போட்ட நேர்த்தியான பெட்டிகளாகப் பொறுக்கி வந்திருக்கிறார். வார்ஹாலுக்கு ஏமாற்றம். யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பெட்டிதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு கண் வேண்டும், மறுக்கவில்லை. தச்சர்களிடம் பெட்டி செய்யச் சொல்லி, வரிசையாகத் தரையில் பரப்பி, உதவியாளர்களோடு சேர்ந்து ஒவ்வொரு முகமாக ஸ்கிரீன் போட்டுத் திருப்பி வைத்திருக்கிறார். அவர் ஸ்டுடியோவுக்கே ஃபேக்டரி என்றுதான் பேர். எங்கள் பிரஸ்ஸில் போனஸ் சீசனில் நடப்பதுபோலத்தான்.

அந்தக் கண்காட்சிக்குப் போன ஆர்தர் டான்டோ என்கிற தத்துவப் பேராசிரியர் ஆடிப்போய், அதே வருஷம் ஒரு கட்டுரை எழுதினார். கலைத் தத்துவம் படிக்கிறவர்கள் இன்றும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர் கேள்வி இதுதான்: கடையில் இருக்கிற பிரில்லோ பெட்டியும் கேலரியில் இருக்கிற பிரில்லோ பெட்டியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்போது, ஒன்று கலையாகவும் இன்னொன்று வெறும் பெட்டியாகவும் இருப்பது எப்படி? வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற எதிலும் இல்லை. அதைக் கலையாகப் பார்க்கவைக்கிற கருத்திலும் வரலாற்றிலும் இருக்கிறது என்றார்.

கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல என்பதை ஒரு பெட்டிக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். காது எங்கே, பசை ஓரம் எங்கே? மரப்பெட்டியைத் தட்டையாக மடித்துக் கட்டுக் கட்டாக லாரியில் ஏற்ற முடியுமா? அட்டைப்பெட்டியின் உயிரே அது மடங்குவதில் இருக்கிறது. எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்று பிளைவுட் பலகையில் பிளேடு பதித்து டை செய்வதற்கு ஒரு தனி ஆள் உண்டு. அவன் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் மூடி மூடாது. (பாருங்கள், எங்கள் தொழிலில் பிளைவுட் பெட்டிக்குள் மறைந்திருக்கிறது, வார்ஹாலிடம் பிளைவுட்டே பெட்டி.) மோமாவில் இருப்பது பெட்டியின் படம். பக்கம் பக்கமாக வரைந்த படம். என்னைப் பொறுத்தவரை அது கலைதான், சந்தேகமே வேண்டாம். அதைப் பெட்டி என்று சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம்.

கனடா அரசாங்கத்துக்கு நேர்மாறான சந்தேகம் வந்தது. 1965ல் டொராண்டோவில், ஹார்வி பிறந்த அதே ஊரில், ஒரு கேலரி வார்ஹாலின் பெட்டிகளைக் கண்காட்சிக்கு வரவழைத்தது. சிற்பம் என்றால் வரி கிடையாது. சுங்கத்துறை, இது சிற்பமில்லை, சரக்கு. 20 சதவீதம் வரி கட்டு என்றது. தேசிய கலைக்கூடத்தின் இயக்குநரிடமே கேட்டார்கள். அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஆமாம், சிற்பமில்லைதான் என்று சொல்லிவிட்டார். காலிப் பெட்டிக்கு வரி.

இதைவிட வேடிக்கை ஸ்வீடனில். 1968ல் ஸ்டாக்ஹோமின் மாடர்னா மியூசியத்தில் வார்ஹால் கண்காட்சி. மரப்பெட்டிகளைக் கப்பலேற்றச் செலவாகும் என்று, பிரில்லோ கம்பெனியிடமிருந்தே நூற்றுக்கணக்கான நிஜ அட்டைப்பெட்டிகளை வரவழைத்து அடுக்கிவிட்டார்கள். மடிந்து வந்த பெட்டிகளைப் பிரித்து நிமிர்த்தினால் கண்காட்சி தயார். ஹார்வியின் பெட்டி ஹார்வியின் பெட்டியாகவே அருங்காட்சியகத்துக்குள் போனது, வாசலில் பெயர் வார்ஹாலுடையதாக இருந்தாலும். கதை அதோடு முடியவில்லை. அப்போது இயக்குநராக இருந்த போன்டுஸ் ஹுல்டேன், வார்ஹால் இறந்த பிறகு, 1990ல், மால்மோ நகரத் தச்சர்களிடம் நூறு சொச்சம் மரப்பெட்டிகள் செய்யச் சொன்னார். பின்னாளில் அவை 1968ஆம் வருஷத்துப் பெட்டிகள் என்ற பெயரில் கைமாறின. 2007ல் ஒரு ஸ்வீடன் பத்திரிகை குட்டை உடைத்தது. நகலின் நகல் போலி என்று எல்லாரும் கொதித்தார்கள். முதல் பெட்டியைப் போட்டவனை அப்போதும் யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை.

விலையையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நிற பிரில்லோ பெட்டி ஒன்றை 1969ல் ஒரு தம்பதி 1,000 டாலருக்கு வாங்கினார்கள். 2010ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 30 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தத் தம்பதி அதற்கு ரொம்ப காலம் முன்பே அதைக் கைவிட்டிருந்தார்கள் என்பது என் மாதிரி ஆட்களுக்குச் சின்ன ஆறுதல்.

எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது ஒன்றுதான். கெச்சப் பெட்டி, பீச் பழப் பெட்டி, கார்ன் ஃப்ளேக்ஸ் பெட்டி எல்லாமே அதே வருஷம், அதே மரம், அதே ஸ்கிரீன், அதே கை. வார்ஹால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வார்ஹால்தான். அப்படியிருந்தும் நம் கண்ணில் நிற்பது பிரில்லோ மட்டும். டான்டோ எழுதினதும் அதைப் பற்றித்தான். அந்த வித்தியாசத்தை வார்ஹால் கணக்கில் எழுத முடியாது. அது ஹார்வியின் சிவப்பு அலை, உயிரெழுத்தும் மெய்யெழுத்தும். ஓவியனாக ஜெயிக்கவேண்டும் என்று மனுஷன் ராத்திரியெல்லாம் முட்டிமோதியிருக்கிறார். பகலிலேயே ஜெயித்துவிட்டது அவருக்கே தெரியவில்லை.

நான் ஜெயித்த கதை ஒன்றும் இல்லை, தோற்ற கதை உண்டு. ஒரு தடவை அப்பளப் பெட்டி ஒன்றில், கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. இரண்டு கலரும் சேர்கிற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை ஏறவேண்டும். அப்படி ஏற்ற மறந்துவிட்டேன். ஓட்டும்போது தாள் கொஞ்சம் நகர, எழுத்தைச் சுற்றிலும் வெள்ளைக் கோடு. பல ஆயிரம் ஷீட் வீண். மெஷின் அண்ணாச்சி ஒரு ஷீட்டைத் தூக்கி என் மேஜையில் போட்டு, "ஆர்ட்டிஸ்டு தம்பி, இதை எடுத்துட்டுப் போயி வீட்டுச் சுவத்துல மாட்டிக்கோ" என்றார். மோமாவில் நிற்கும்போது அவரைத்தான் நினைத்தேன்.

உண்மையில் எங்கள் ஊரில் சுவரில் மாட்டத் தகுந்த சரக்கு ஒன்று உண்டு. வேஸ்ட் சீட். புது வேலை ஏற்றும்போது கலர் சரியாக உட்காரும்வரை நல்ல தாளை ஓட்ட மாட்டார்கள். பழைய தாளையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டுவார்கள். ஒரே தாளில் போன வாரத்து முருகன் காலண்டர், அதன்மேல் பிஸ்கட் பாக்கெட், அதன்மேல் தலைகீழாக லட்சுமி வெடி லேபிள், எல்லாவற்றுக்கும் மேலே இருமல் மருந்து. முருகன் வேலின் நுனியில் ஒரு க்ரீம் பிஸ்கட் குத்தி நிற்கும். எங்கள் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட்டது இதில்தான். மீதி எடைக்குப் போகும். எதையும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அக்கா பையன் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு சுவர் முழுக்கத் தங்கச் சேலை விரித்த மாதிரி ஒன்று தொங்கியது. சிவப்பு, பொன், கறுப்பு. மடிப்பு மடிப்பாக. நம் ஊர்க் கண்ணுக்கு முதலில் பட்டுப்புடவைக் கடைதான் ஞாபகம் வரும். கிட்டே போனால் சாராய பாட்டில் மூடி. ஆயிரக்கணக்கில். எல் அனட்சுயி செய்தது. கானாவில் 1944ல் பிறந்து, நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் 1975லிருந்து பல வருஷம் சிற்பம் சொல்லிக்கொடுத்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் வழியில் கிடந்த ஒரு மூட்டையில் இந்த மூடிகளைக் கண்டெடுத்தார். உடனே ஒன்றும் செய்யவில்லை; கொஞ்ச காலம் ஸ்டுடியோவில் சும்மா கிடந்திருக்கிறது. அப்புறம்தான் மூடியைத் தட்டிப் பரப்பி, முறுக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோக்க ஆரம்பித்தார். ஊர்ப் பையன்கள் பலர் உட்கார்ந்து கோக்கிறார்கள். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குப் பண்டமாற்றாகக் கொண்டுவந்ததில் சாராயமும் ஒன்று. அதற்கு ஈடாகப் போனதில் மனிதர்களும் உண்டு. அதனால் மூடி என்பது வெறும் குப்பை கிடையாது என்கிறார். 2015ல் வெனிஸ் பினாலே என்கிற உலகக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கொடுத்தார்கள்.

அங்கேயும் நான் குனிந்துதான் பார்த்தேன். அலுமினிய மூடி தயாரிக்கும்போது முதலில் தட்டையான தகட்டில் அச்சடித்து, அப்புறம் அழுத்தி மூடியாக்குவது வழக்கம். அவர் அதைத் திரும்பத் தட்டையாக்கிவிட்டார். அதனால் அச்சு அப்படியே வெளியே வந்துவிட்டது. ஓர் இடத்தில் எழுத்தின் கறுப்பு, பொன்னைவிட்டு லேசாக நகர்ந்து நின்றது. கலர் அவுட். அதைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை அக்கா பையனிடம் விளக்கப் பார்த்தேன். "சரி மாமா" என்றான்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அக்காவோடு ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை வாங்கப் போனேன். அப்பள வரிசையில், மேல்தட்டில், கருநீலப் பெட்டி, மஞ்சள் எழுத்து. அதேதான். இப்போது எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இல்லை. கையில் எடுத்தேன். எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று அதில் உண்டு. பசை தடவுகிற காதில், ஒட்டிய பிறகு யாருக்கும் தெரியாத இடத்தில், சின்னதாக ஒரு 'மு' போட்டு வைப்பது என் பழக்கம். பார்ட்டிக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. பேஸ்டிங் பண்ணுகிற பெண்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் அதை ஏதோ மெஷின் குறி என்று நினைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டைனிங் டேபிளில் வைத்து, மேல் மூடியைத் தொடாமல், பக்கவாட்டு ஒட்டில் கத்தி முனையைச் செருகினேன்.

"டேய், நொறுங்கிடப் போகுது. மேல பிரிக்கவேண்டியதுதானே" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

காகிதத்தோல் உரிந்து கொஞ்சம் வந்தது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. காது மெதுவாக விரிந்தது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கலர் பார்க்கிற நாலு வட்டம் இருந்தது. வட்டங்களுக்குப் பக்கத்தில், 'மு' இருக்கவேண்டிய இடம் காலி. எனக்குப் பின்னால் வந்த யாரோ ஃபைலைச் சுத்தம் பண்ணியிருக்கிறான். நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"எண்ணெய் காஞ்சிருச்சு, கொண்டா" என்றாள் அக்கா. அப்பளத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தட்டையாக மடித்துச் சூட்கேஸில், சட்டைக்கு அடியில் வைத்தேன்.